ஐந்து கிலோ பாரி

எல்லாரும் சௌக்கியமா? இந்தக் குளிரில் தூக்கம் ஒழுங்காக வருகிறதா?

வங்காளத்தில், லேக் கார்டன்ஸில் இருந்த வசுமதிக்கு வரவில்லை. கணவர் கோவிந்தராஜனுக்கு மத்திய அரசு வேலை. மாற்றலாகி மாற்றலாகி, இது ஏழாவது குவார்ட்டர்ஸ். மேலே கனமாக எதையாவது போர்த்தினால் கண் அசரும் என்று, 1998 டிசம்பரில் மெத்தை தைக்கும் பெரியவரை வாசலில் நிறுத்தினாள். ஐந்து கிலோ கடுகைக் கொடுத்து, போர்வைக்குள் வைத்துத் தைக்கச் சொன்னாள்.

வங்காளி மொழியில் கனமும் பாரி, வீடும் பாரி. உச்சரிப்பு மட்டும் வேறு. அது அவள் நாக்குக்கு வராது. “பாரி வேணும்,” என்றாள்.

“வீடா? ஆகட்டும் பௌதி,” என்றார் அவர், அண்ணியைக் கூப்பிடுகிற மாதிரி.

அந்தப் போர்வைக்குள் மத்தியானமெல்லாம் தூங்கினாள். உள்ளே எங்கேயோ குக்கர் விசில் அடித்தது.

மார்ச்சில் மறுபடி மாற்றல் வந்தது. போர்வையை நான்கு ஆட்கள் சேர்ந்தும் தூக்க முடியவில்லை.

“விட்டுட்டு வா வசு, வேற தைச்சுக்கலாம்,” என்றார் கோவிந்தராஜன்.

“ஏழு குவார்ட்டர்ஸ் காலி பண்ணியாச்சு. இந்த வீட்டை விடமாட்டேன். வேணும்னா நீங்க போங்கோ.”

கட்டிலில் படுத்து, தலை வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். போர்வை கட்டிலோடு தட்டையாகப் படிந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் அதன்மேல் தட்டினார்.

“திறந்துதான் இருக்கு,” என்றது அவள் குரல். “செருப்பை வெளியில கழட்டிட்டு வாங்கோ.”

உங்கள் போர்வைக்குள் யார் குரலாவது கேட்டதுண்டா? மறைக்காமல் எழுதுங்கள்.