மாவுக்குள் ஒளித்த டோஃபு

"இப்பல்லாம் எவன் ஒழுங்கா மூடி செய்யறான்? காசை வாங்கிக்கிட்டு, திறக்கவே முடியாத மாதிரி செஞ்சு தலையில கட்டிடறான். ஏமாத்துக்காரப் பயலுக!"

சர்க்கரை ஜாடியை மடியில் இடுக்கிக்கொண்டு வெல்டர் திட்டிக்கொண்டிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வெகு காலம் ஆகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர்.

"ஜாடி என்னங்க பண்ணும்? துணியைச் சுத்தித் திருப்புங்க" என்று முன்னறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"நீ இந்தப் பக்கம் வராதே! பேசாம உட்காரு."

போன மாதம் இருவரும் டாக்டரிடம் போயிருந்தார்கள். டாக்டர்கள் பேசினாலே வெல்டருக்கு ஆகாது. பாதியில் எழுந்து வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே வந்த மனைவி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னாள்.

"என் உடம்புல சதை கரையுதாம். புரதச் சத்து ஏறலைன்னா படுத்த படுக்கைதானாம். தினமும் டோஃபு சாப்பிடணுமாம். செத்தாலும் நான் அதைத் தொட மாட்டேன், சொல்லிட்டேன்."

"சோயாப் பாலைத் திரிச்சுக் கட்டியாக்கி விக்கிறானே, அதுவா? அதைத் திங்கிறதுக்குச் சுவத்துச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்னலாம்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாரே தவிர, வீடு வரும்வரை அதே கவலைதான். இவள் படுத்துவிட்டால்? வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது. இவள் இல்லாமல் தன் சட்டையையே அவரால் தேடி எடுக்க முடியாது. இந்த அழகில், ஊரில் எவனுக்கும் புத்தி இல்லை என்ற பேச்சுக்கு மட்டும் குறைவில்லை.

மனைவிக்குக் காலையில் இனிப்புச் சுருள் பன் என்றால் உயிர். அவளுக்குத் தெரியாமல் டோஃபுவை அதற்குள் ஒளித்துவிடுவது என்று தீர்மானித்தார்.

முதல் நாள் டோஃபுவில் தண்ணீரைப் பிழியாமல் அரைத்துக் கொட்டியதில் மாவு கூழாகிவிட்டது. பன் தட்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. "இரும்புல ஒட்ட வேண்டியதை எல்லாம் கோணலா ஒட்டினே. ஒட்டக் கூடாததை இப்ப நல்லா ஒட்டுறடா" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அடுத்த தடவை துணியில் கட்டிப் பிழிந்து, பாலும் சர்க்கரையும் விட்டு, வெண்ணெய் பதத்துக்கு அரைத்தார்.

"மிக்சியில என்ன சத்தம்?"

"சர்க்கரை பொடிக்கிறேன்!"

அந்த விழுதோடு ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவு உப்பி வந்ததும் தேய்த்து, பட்டைத் தூள் தூவி, பாய் போலச் சுருட்டி, துண்டு போட்டு ஓவனில் வைத்தார். டோஃபு வந்த கவரைப் பழைய வெல்டிங் கையுறைக்குள் திணித்தார். எவனையும் நம்பாத மனிதர், கட்டின மனைவியிடமே திருட்டுத்தனம் பண்ணுகிறோமே என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

பன்னைக் கொண்டுபோய் வைத்ததும் மனைவி எடுத்து மோந்து பார்த்தாள்.

"இதுல டோஃபு கீஃபு போட்டீங்களா?"

"நானா? என்னைப் பார்த்தா அந்த மாதிரி ஆளாவா தெரியுது?"

"நல்லாவே தெரியுது. முதல்ல நீங்க சாப்பிடுங்க. டோஃபு இருந்தா நீங்க வாயிலயே வைக்க மாட்டீங்க. முழுசா ஒண்ணு தின்னு காட்டினாத்தான் நான் தொடுவேன்."

வெல்டருக்கு வேறு வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு கடித்தார்.

"மூஞ்சி ஏன் அப்படிக் கோணுது?"

"சூடு!"

"அந்த ஓரத்துல இருக்கிறது மேலயும் சந்தேகமா இருக்கு. அதையும் தின்னுங்க."

"உனக்குப் போய்ச் செய்ய வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

அதையும் தின்றார். பிறகுதான் அவள் ஒன்றை எடுத்து நிதானமாகச் சாப்பிட்டாள். அவள் ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் வெல்டர் மனசுக்குள் எண்ணிக்கொண்டார். தினமும் இதே கூத்துதான். சந்தேகப்பட்டே மனுஷனைக் கொல்லுறாளே, இந்தக் குணம் இவளுக்கு யாரிடமிருந்து வந்தது என்று யோசித்தார். பதில் தெரிந்ததும் யோசிப்பதை விட்டுவிட்டார்.

அடுத்த மாதம் மறுபடி டாக்டரிடம் போனார்கள். போன தடவை மாடிப்படி கட்டினவனைத் திட்டிக்கொண்டே ஏறியவர், இந்தத் தடவை மனைவியின் பையையும் வாங்கி மாட்டிக்கொண்டு முன்னால் ஏறினார்.

"வாங்க ஐயா, உட்காருங்க" என்றார் டாக்டர்.

"நான் எதுக்கு? அவளைப் பாருங்க டாக்டர். கன்னம் எப்படி ஏறியிருக்கு பாருங்க!"

டாக்டர் கைப்பிடியின் பலத்தை அளக்கும் கருவி ஒன்றை அவர் கையில் கொடுத்து, "இதை இறுக்கிப் பிடிங்க" என்றார். இவரிடம் வாதாடி நேரத்தைக் கெடுப்பானேன் என்று வெல்டர் பிடித்தார். முள் விறுவிறுவென்று ஏறியது.

"பரவாயில்லையே! சதை கரையறது நின்னு, பலமும் ஏறியிருக்கே. நான் வாயைத் திறந்ததுக்கே கத்திட்டு வெளியே போனவராச்சே நீங்க!" டாக்டர் மனைவியின் பக்கம் திரும்பினார். "உங்க உடம்பு கல்லு மாதிரி இருக்கு, டோஃபு குடுத்து இவரைத் தேத்துங்கன்னு சொல்லி அனுப்பினேன். எப்படிம்மா சாப்பிட வச்சீங்க?"

"நான் எங்க டாக்டர் வச்சேன்? அவரே ஒளிச்சு வச்சு, அவரே தின்னார்."

வெல்டர் கருவியை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தார். "மாவு பிசைஞ்சு பிசைஞ்சு ஏறின சதை இது. டோஃபுவாம், டோஃபு!" என்றபடி கதவைத் திறந்துகொண்டு நடந்தார்.