அட்டை முனை

பைண்டிங் மேஸ்திரி ஆறு மாதமாகப் பயந்துகொண்டிருந்த போன் அன்று காலை வந்தேவிட்டது.

“சூப்பர் ஹீரோ காமிக்ஸ் முழுத்தொகுப்பு, கெட்டி அட்டைப் பதிப்பு, உங்க பைண்டிங்தானே?” தொகுப்பை வாங்கியவர் குரல் கடுகடுத்தது. “அஞ்சாம் பாகத்துல இவ்வளவு பெரிய தப்பு எப்படிங்க உங்க கண்ணுல படாமப் போச்சு?”

இருபது வருஷ வேலை இன்றோடு போச்சு என்று நினைத்தார் மேஸ்திரி.

“எ... எந்தத் தப்பு சார்?”

“அட்டை முனை மடங்கியிருக்கு. அலமாரியில மத்த பாகங்களோட வச்சா அசிங்கமாத் தெரியுது.”

மேஸ்திரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“வேற காப்பி அனுப்பிடறேன் சார். உள்ள... படிச்சுப் பாத்தீங்களா?”

“என்ன கேள்வி இது? கட்டம் கட்டமா ரெண்டு தடவை படிச்சாச்சு. கடைசியில ஹீரோவும் வில்லனும் மோதுற சண்டை இன்னும் கண்ணுலயே நிக்குது.”

“ரொம்ப சந்தோஷம் சார்.”

போனை வைத்த மேஸ்திரி, பட்டறை மூலையில் தூசி படிந்து கிடந்த கட்டுகளைப் பார்த்தார். ஐந்தாம் பாகத்தின் ஆயிரம் பிரதிகளிலும் சேர்த்துத் தைக்க மறந்துபோன கடைசிப் பதினாறு பக்கங்கள் அவை. ஹீரோவும் வில்லனும் ஆறு மாதமாக அங்கேதான் மோதிக்கொண்டிருந்தார்கள்.