கடையடைப்புச் சீட்டு

அவர் சீட்டில் கையெழுத்துப் போடவில்லை.

காலையிலிருந்து அது மேசைமேல் கிடந்தது. மேலே அவர் தலைவராக இருக்கும் வர்த்தக சங்கத்தின் முத்திரை. நடுவில் இறந்தவரின் பெயர், தவசிக்கனி. அதற்குக் கீழே உறுப்பினர் எண் எழுதும் கோடு.

கோடு காலியாக இருந்தது.

சங்கத்தின் குமாஸ்தா ஐயாக்குட்டி கடை வாசலில் நின்றான். தலை முழுக்க நரைத்தும் நிற்பதில் அவனுக்குச் சலிப்பில்லை.

"மூணு மணிக்கு எடுத்துருவாங்க அண்ணாச்சி. நீங்க போட்டுக் குடுத்தா ஒரே சுத்துல காட்டிட்டு வந்துருவேன்."

"நம்பர் இல்லையே ஐயாக்குட்டி."

அவன் தலையைச் சொறிந்தான். எண் ஏன் இல்லை என்று அவனுக்கும் தெரியும்.

சங்கத்து உறுப்பினர் இறந்தால் தலைவர் கையெழுத்திட்ட சீட்டு பஜாரில் நூற்று நாற்பது கடைக்கும் போகும். பாடை கடந்துபோகும் வரை எல்லாக் கடையும் ஷட்டரைப் பாதி இறக்கி நிற்கும். நாலு லாரி வைத்திருந்தவருக்கும் பாதிதான். கருவாட்டுக் கடைக்காரருக்கும் பாதிதான்.

தொண்ணூற்றாறு வருஷமாக.

பக்கத்துப் பருப்புக் கடையிலிருந்து ஜெயக்கொடி எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, சீட்டு இன்னும் அடைகாக்குதா? குஞ்சு பொரிச்சா சொல்லி அனுப்புங்க."

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்லய்யா."

"இருக்கு இருக்கு. செத்தவன் வந்து அப்பீலா பண்ணப் போறான்."

அவர் சிரிக்கவில்லை. ஜெயக்கொடியும் சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடம் கட்டிய சங்கம் அது. தண்ணீர்ப் பஞ்சத்தில் ஊருக்கே கிணறு வெட்டிய சங்கம். ஆனால் பெரியவர்கள் பெருமையாகச் சொன்னது வேறு. நம்ம ஊர் வியாபாரி எவனும் சண்டையை எடுத்துக்கொண்டு கோர்ட் படி ஏறியதில்லை. சங்கத்தில் மூன்று பேர் உட்கார்ந்து கேட்பார்கள். மூன்று பேர் சொன்னது முடிவு.

தவசிக்கனி ஏறினார்.

சரக்கு வைக்கும் இரண்டு கிட்டங்கிக்கும் நடுவில் ஒரு சுவர். ஒன்று தவசிக்கனியுடையது, மற்றது இவருடையது. சுவர் நாலு விரற்கடை தள்ளி நிற்கிறது என்பது வழக்கு. மூன்று பேரும் இவர் பக்கம் சொன்னார்கள். தவசிக்கனி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மறுவாரம் கோர்ட்டுக்குப் போனார். அதற்கு மறுவாரம் சங்கம் தவசிக்கனியின் பெயரை அடித்தது.

கோர்ட்டில் தவசிக்கனி பக்கம் தீர்ப்பானது.

தவசிக்கனியின் ஆள் வந்து சுவரை இடிப்பான் என்று இவர் காத்திருந்தார். ஒரு மாதம். ஒரு வருஷம். யாரும் வரவில்லை. பதினொரு வருஷமாகக் கிட்டங்கியைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சுவர் நின்ற இடத்திலேயே நின்றது.

இடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காலையில் தவசிக்கனியின் மகன் வந்திருந்தான். சட்டை போடவில்லை. கண் சிவந்திருந்தது.

"பஜார் வழியாத்தான் மாமா கொண்டு போறோம். அப்பா அப்படித்தான் சொல்லிருக்காங்க."

சீட்டைப் பற்றி அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருக்கலாம்.

சீட்டு இல்லாமல் போன பாடை ஒன்றை அவர் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். கலப்படத்துக்காக விலக்கப்பட்ட எண்ணெய் வியாபாரி. இரண்டு பக்கமும் கடைகள் திறந்திருந்தன. தராசுகள் ஆடின. யாரோ மிளகுக்குப் பேரம் பேசினார்கள். தூக்கியவர்கள் கிட்டத்தட்ட ஓடினார்கள்.

தவசிக்கனி கலப்படம் செய்தவரில்லை.

ஆனால் இன்று இந்தக் கோட்டில் ஒரு பொய் எண்ணை எழுதினால், நாளை எவனும் மூன்று பேர் முன்னால் வந்து உட்கார மாட்டான். அதுவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

தெரு முனையில் கொட்டுச் சத்தம் கேட்டது.

பஜார் அவரைப் பார்த்தது. நேராக யாரும் பார்க்கவில்லை. மூட்டை தைத்தபடி பார்த்தார்கள். மல்லியைக் கொழித்தபடி பார்த்தார்கள்.

சங்கு முழங்கியது.

அவர் எழுந்தார். முழங்கால் சொடுக்கியது. கொக்கிக் கம்பியை எடுத்து ஷட்டரை இழுத்தார். பாதியில் நிறுத்தவில்லை. தரைவரை இறக்கினார்.

ஐயாக்குட்டி பதறிப்போனான்.

"அண்ணாச்சி, சீட்டு போகாமயே..."

"அடைப்பு நோட்டு வச்சிருக்கியா?"

வைத்திருந்தான். வியாபார நேரத்தில் சீட்டில்லாமல் கடை அடைத்தால் அதில் காரணம் எழுத வேண்டும். நோய், கல்யாணம், வீட்டுத் துக்கம். இந்த மூன்றைத் தவிர வேறெதையும் சங்கம் ஏற்பதில்லை. தலைவரானாலும்.

"காரணம் என்ன போட?"

"வீட்டுத் துக்கம்."

ஐயாக்குட்டி எழுதினான். பேனா அடுத்த கட்டத்தில் நின்றது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இறந்தவர் என்ன முறைன்னு கேக்குது அண்ணாச்சி."

பாடை எதிரே வந்துவிட்டது. தீச்சட்டியோடு முன்னால் வந்த மகன், மூடிய ஷட்டரைப் பார்த்தான். அதன்முன் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவரைப் பார்த்தான். தூக்கி வந்தவர்களின் நடை தளர்ந்தது.

அவர் பேனாவைத் தானே வாங்கிக்கொண்டார்.

எழுத நேரம் பிடித்தது. 'பங்காளி' என்று எழுதியிருந்ததை ஐயாக்குட்டி படித்தான். மை காய ஊதினான். நோட்டை மூடிக்கொண்டான்.

பக்கத்தில் ஒரு ஷட்டர் தடதடவென்று தரைவரை இறங்கியது.

"ஏய்யா ஐயாக்குட்டி," என்றார் ஜெயக்கொடி. "அண்ணாச்சி எழுதியாச்சுன்னா அந்த நோட்டை இங்கிட்டுக் கொண்டா."