முதல் ஆல்பத்தைக் காணோம்

"ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிறவன் பாடினா என்ன, பாடாட்டி என்ன?"

ஃபோனில் வந்திருந்த கமெண்ட்டைப் பாடகர் ஒத்திகை அறையில் எல்லார் காதிலும் விழும்படி வாசித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்ததுக்குப் போனார்.

"'பேரு வந்ததும் பழைய குரலைக் கேக்க வெக்கமா இருக்கு போல.' இது பரவாயில்லை. இங்க ஒருத்தர் எங்கம்மாவையும் சேர்த்துத் திட்டியிருக்கார்."

டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இளைஞன் தலையைக் குனிந்துகொண்டான். முதலில் வாசித்தது அவன் எழுதியது. வேறு பெயரில்.

அவன் இந்த பேண்டில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. அதற்கு முன்னால் இவர்களுடைய ரசிகன். அதிலும் முதல் ஆல்பத்துக்கு. ஸ்டுடியோ பக்கமே போக முடியாத காலத்தில், பழைய டிரம்மர் வீட்டு முன்னறையில் பதிவு செய்தது. நாற்காலி கிறீச்சிடும். பாடகருக்கு நடுவில் மூச்சு வாங்கும். ஒரு பாட்டில் யாரோ தும்முவார்கள்.

"கரடுமுரடா இருக்கு, ஆனா உயிர் இருக்கு" என்றார்கள் கேட்டவர்கள். பின்னால் வந்த ஆல்பங்கள் எல்லாம் துடைத்துவைத்த மாதிரி இருந்தன. "எல்லாம் இருக்கு, உயிர்தான் இல்லை" என்றும் அவர்களேதான் சொன்னார்கள்.

அந்த முதல் ஆல்பத்தைப் பாடகர் போன வாரம் சொல்லாமல் கொள்ளாமல் இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்.

"ஏண்ணே எடுத்தீங்க?" இளைஞன் கேட்டே விட்டான்.

"சுருதியே சேரலை. கேக்கச் சகிக்கலை."

"எல்லாருக்கும் அதுதானே பிடிச்சிருக்கு?"

"எனக்குப் பிடிக்கலை. நீ வாசி."

அவனுக்கு அது பொய் என்று பட்டது. பழைய டிரம்மரின் வாசிப்புதான் அந்த ஆல்பத்தைத் தூக்கி நிறுத்தியது என்று பலர் எழுதியிருந்தார்கள். அந்தப் பொறாமைதான், வேறென்ன.

மறுநாள் மதியம் பழைய டிரம்மரைத் தேடிப் போனான். அவர் எதனால் விலகினார் என்று பேண்டில் யாரும் பேசுவதில்லை. இப்போது ஒரு டயர் கடையில் வேலை. தூறல் விழுந்துகொண்டிருந்தது. தொட்டித் தண்ணீரில் ட்யூபை அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க இடத்துல இப்ப நான்தான் வாசிக்கிறேன்."

"தெரியும் தம்பி. பார்த்திருக்கேன். நல்லா வாசிக்கிற."

"முதல் ஆல்பத்தையே எடுத்து, உங்க வாசிப்பு இருந்த தடமே இல்லாம பண்ணிட்டாரு, தெரியுமா? நீங்க வெளியில வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. மத்ததை ரசிகர்கள் பார்த்துக்குவாங்க."

அவர் ட்யூபைத் திருப்பிப் போட்டார்.

"அந்த ஆல்பத்துல உனக்கு எது ரொம்பப் பிடிக்கும்?"

"எல்லாருக்கும் பிடிச்சதுதான். கடைசிப் பாட்டு முடியற இடத்துல ஒரு குழந்தை, 'அப்பா, நிறுத்துப்பா, தூக்கம் வருது'ன்னு சொல்லுமே. என்ன ஒரு யோசனைண்ணே அது. நிறையப் பேரு அதைத்தான் ரிங்டோனா வெச்சிருக்காங்க. நானும்தான். இருங்க, போட்டுக் காட்டறேன்."

சட்டைப் பைக்குப் போன அவன் கையை அவர் ஈரக் கையால் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்ப்பா."

பிடி வலித்தது.

"யோசனை எல்லாம் ஒண்ணும் இல்லை. அது என் பொண்ணு. உள்ள தூங்க வெச்சிருந்தோம். சத்தத்துல எழுந்து வந்துட்டா."

"அப்படியா? இப்ப என்ன படிக்கிறாண்ணே?"

அவர் கையை விட்டார்.

"ஆல்பம் வந்த மறு வருஷமே காய்ச்சல்ல போயிட்டா. அதுக்கப்புறம் எனக்குக் குச்சியைத் தொடத் தோணலை."

தண்ணீருக்குள் ட்யூபிலிருந்து காற்று ஒற்றை ஒற்றைக் குமிழியாக வந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"போன வாரம் என் வீட்டுக்காரி பஸ்ல வந்துக்கிட்டிருந்தா. பின் சீட்டுல யாரோ பொண்ணுக்கு ஃபோன் வந்திருக்கு, அதே ரிங்டோன். இவ, 'இதோ வந்துட்டேன்டா கண்ணு'ன்னு எழுந்து நின்னுட்டா. பஸ்ல இருந்தவங்க சிரிச்சிருக்காங்க. அவங்களுக்கு என்ன தெரியும் பாவம். அன்னையிலிருந்து வாசப்படி தாண்ட மாட்டேங்கிறா. ஒரு வாய் சோறு இறங்கலை."

இளைஞன் சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டான்.

"அப்ப நீங்கதான் எடுக்கச் சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்ல முடியும்? அவனை ஆளாக்கினதே அந்த ஆல்பம்தான். மனசு தாங்காம, நடந்ததை மட்டும் ஃபோன்ல சொல்லி அழுதேன். ஒண்ணும் பேசாம வெச்சிட்டான். சாயங்காலம் பார்த்தா ஆல்பத்தைக் காணோம்."

"இதைச் சொல்லியிருந்தா அவரை ஒருத்தரும் திட்டியிருக்க மாட்டாங்களேண்ணே."

"நானும் அதைத்தான் கேட்டேன் தம்பி. 'செத்துப்போன குழந்தையோட குரலாமேன்னு இன்னும் நாலு பேர் தேடிப் பிடிச்சுக் கேப்பாங்கடா. அதுக்கு என் குரல் நல்லா இல்லைன்னே ஊரு நினைச்சுக்கட்டும்'னு சொல்லிட்டான்."