அம்மாவை அளக்கும் சுவர்

“ரோலரைக் கழட்டுங்கக்கா. நான் அளக்கிறது உயரத்தை, கொண்டையை இல்ல.”

பயிற்சியாளர் யொகாஸ்தா இப்படிச் சொன்னதும் பரஹோனா ஊர் மைதானமே சிரித்தது. வாலிபால் பயிற்சிப் பள்ளிக்குச் சிறுமிகளைப் பொறுக்கி எடுக்கும் நாள். சனிக்கிழமை அங்கே தலை அலங்கரிக்கும் நாள் என்பதால் பாதி அம்மாக்கள் தலைமுடியை ரோலரில் சுற்றிக்கொண்டுதான் வந்திருந்தார்கள். ஒருத்தி உச்சியில் மட்டும் இரண்டடுக்கு வைத்திருந்தாள்.

எனெய்தா மட்டும் சிரிக்கவில்லை.

அவள் மகள் யுலெய்ஸிக்குப் பன்னிரண்டு வயது. ஓட்டத்தில் முதல், எம்புவதிலும் முதல். ஆனால் வந்தவர்களிலேயே குள்ளம்.

ஒரு பிள்ளை இன்றைக்கு எவ்வளவு உயரம் என்பது யொகாஸ்தாவுக்கு முக்கியமில்லை. பதினெட்டு வயதில் எவ்வளவு இருப்பாள் என்று தெரியவேண்டும். அதற்குத்தான் அம்மாவை அளப்பது. அப்பாக்களைத் தேடிப் பிடிப்பதற்குள் பிள்ளைகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும்.

எனெய்தாவோ பனைமரம். அவள் எழுந்ததுமே யொகாஸ்தாவின் முகம் மலர்ந்தது.

அளவு குறித்த சுவருக்குப் பத்து எட்டு நடைதான். எனெய்தா அதையும் மெல்ல மெல்லத்தான் எடுத்து வைத்தாள்.

யுலெய்ஸியைப் பெற்றவள் அவள் இல்லை. பெற்றவள், கைக்குழந்தையை இவளிடம் கொடுத்துவிட்டுப் பிழைப்புத் தேடிப் போர்ட்டோ ரிக்கோ தீவுக்குக் கள்ளப் படகேறிப் போனவள். திரும்பவே இல்லை. அவளும் குள்ளம்தான்.

உண்மையைச் சொன்னால் மகளுக்கு இடம் போகும். பன்னிரண்டு வருடம் பொத்திவைத்ததும் ஊர் முன்னால் உடையும். அதைவிடச் செத்துவிடலாம் என்றிருந்தது எனெய்தாவுக்கு.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

“ஒரு மீட்டர் எண்பத்திரண்டு!”

கூட்டம் ஓவென்று கத்தியது. யொகாஸ்தா பெயரை எழுதப் போனவள் பேனாவை நிறுத்தினாள். போன வருடம் ஒரு பிள்ளை பக்கத்து வீட்டு நெட்டைக்காரியை அம்மா என்று கூட்டிவந்து ஏமாற்றியிருந்தது.

“சொந்த அம்மாதானே?”

மகள் முந்திக்கொண்டாள்.

“பின்ன, வாடகைக்கா பிடிச்சிட்டு வந்தேன்?”

மைதானம் மறுபடி சிரித்தது. பெயர் பட்டியலில் ஏறியது. எனெய்தாவுக்குப் போன உயிர் வந்தது.

வெளியே வந்து, பொரித்த ரொட்டி ஒன்று வாங்கி ஆளுக்குப் பாதியாகப் பிட்டுக்கொண்டு நடந்தார்கள். யுலெய்ஸி வாய் நிறைய ரொட்டியோடு கேட்டாள்.

“அம்மா, படகுல போனாங்களே, என்னைப் பெத்தவங்க... அவங்க எவ்வளவு உயரம்? நான் இன்னும் எவ்வளவு எம்பிப் பழகணும்னு தெரியணும்ல.”

எனெய்தா நின்றுவிட்டாள். அப்படியானால் இவளுக்கு முன்பே தெரியும்.

கையைத் தன் தோளுக்குக் கீழே வைத்துக் காட்டினாள். பிறகு, பாவம் பிள்ளை என்று, இரண்டு விரற்கடை உயர்த்தி வைத்தாள்.