நாலு நல்ல வார்த்தை

"பக்கத்து வீட்டு ஜாபர் சாதிக்கைப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கணும். நான் கேட்டேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்."

வாசலில் நின்ற பெண் மதுரையிலிருந்து வருவதாகச் சொன்னாள். தோளில் பை, கையில் நோட்டு. வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துப் போட்டிருந்தாள். உம்மு சல்மாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஜாபரின் தங்கை தஹ்மீனாவுக்கு மதுரையில் ஒரு வரன் ஓடுகிறது, மாப்பிள்ளை செல்போன் கடை வைத்திருக்கிறான் என்பதைத் தெருவில் முதலில் மோப்பம் பிடித்தவளே அவள்தான். அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் யார் பெண் எடுப்பார்கள்?

"உள்ள வாங்க. மோரு குடிக்கீகளா?"

தஹ்மீனாவுக்கு ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. குறை பெண்ணிடம் இல்லை, அண்ணன்காரனிடம். ஜாபருக்கு ஏதோ வெளிநாட்டு உதவி நிறுவனத்தில் உத்தியோகம். தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகிற பிள்ளைகளைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். நல்ல வேலைதான். ஆனால் போன வருஷம் பெங்களூரில் பத்து நாள் பயிற்சி என்று போனவன், திரும்பி வந்ததிலிருந்து வாளியும் கையுமாக அலைகிறான். துணி துவைக்கிறான், வாசல் பெருக்குகிறான். பெண்டாட்டி பர்ஹத் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறாள்.

'ஆம்பளை அடங்கிக் கிடக்கிற வீடு' என்ற செய்தி சாத்தூருக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் போய்ச் சேர, இரண்டு மாப்பிள்ளை வீடும் கழன்றுகொண்டது. அது எந்த வாய் வழியாகப் போனது என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. உம்மு சல்மாவுக்குக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. தஹ்மீனா தலையைக் குனிந்துகொண்டு தெருவில் போவதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது வரனும் தன் வாயால் கெட்டுவிடக் கூடாது என்று துஆ கேட்டிருந்தாள்.

"அந்த வீட்ல சமையல் யாரு?"

"பர்ஹத்துதான்ம்மா, வேற யாரு? நாலரைக்கு எந்திரிச்சு அடுப்படிக்குள்ள போனா, ராத்திரி பாத்திரத்தைக் கழுவிக் கவுத்திட்டுத்தான் வெளிய வருவா."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். முகத்தில் மலர்ச்சி இல்லை.

பின்பக்க ஜன்னலில் பக்கத்து வீட்டுக் கொல்லை பளிச்சென்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, ஜாபர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மீன் கழுவிக்கொண்டிருந்தான். உம்மு சல்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"வெக்கை அடிக்குது."

"ஜாபர் சார் வீட்ல கூடமாட ஏதாவது ஒத்தாசை..."

"அவரா? தண்ணிச் செம்பு எங்கன இருக்குன்னுகூட அவருக்குத் தெரியாது. ஆம்பளைன்னா அப்படி ஒரு ஆம்பளை."

பேனா நின்றது. உம்மு சல்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பாயசமாக அள்ளி ஊற்றுகிறோம், இவள் கஷாயம் குடித்த மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே?

"துணியெல்லாம் அவர்தான் துவைக்கிறார்னு கேள்விப்பட்டோம்."

ஆக, சாத்தூர்ச் செய்தி மதுரைக்கும் போய்விட்டது. உம்மு சல்மா மோர்த் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அதெல்லாம் ஒரு பொறாமை பிடிச்ச மூதி கெளப்பிவிட்டதும்மா. நாக்கு அழுகிப் போவா" என்றாள். தன்னைத்தானே திட்டிக்கொள்வது இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"முக்கியமான விஷயம்னா புருஷனும் பொண்டாட்டியும் கலந்து பேசுவாங்களா?"

"கலந்தா? அவரு சொன்னா சொன்னதுதான். பர்ஹத்து எதுத்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல." பர்ஹத் பேசினால் பஜார் வரை கேட்கும் என்பது வேறு விஷயம். அப்படியும் அந்தப் பெண்ணின் முகம் தெளியாததைப் பார்த்து, கடைசி அம்பையும் எடுத்துவிட்டாள். "ஒருநா சோறு கொளைஞ்சு போச்சுன்னு தட்டைத் தூக்கி வீசினாரு பாருங்க, வாசல் முத்தத்துல போய் விழுந்துச்சு."

நோட்டு மூடப்பட்டது.

"நீங்க நல்லா தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"பதினெட்டு வருசமா பக்கத்து வீடு. என்னையவிட யாருக்குத் தெரியும்?"

பாதி மோரை அப்படியே வைத்துவிட்டு அந்தப் பெண் எழுந்தாள். தெருமுனையில் ஒரு ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை வீட்டில் ஜீப்பெல்லாம் வைத்திருக்கிறார்களா? தஹ்மீனா கொடுத்துவைத்தவள்தான்.

அரை மணி நேரத்தில் பர்ஹத் வந்தாள், கையில் மீன்குழம்புக் கிண்ணம். "எங்க வீட்டுக்காரரு வச்சது. மாமி, மதுரையிலருந்து வந்தாகளா?"

"வந்தாக. கவலையே படாத. உங்க வீட்டு மானத்தைக் காப்பாத்தி அனுப்பியிருக்கேன்."

"தெரியும் மாமி. இவரு ஆபீஸ்ல ஆம்பளையும் பொம்பளையும் சமம்னு மத்த ஆபீசருகளுக்கெல்லாம் சொல்லிக் குடுக்க ஒரு பெரிய பதவி போடுறாக. சொல்லிக் குடுக்கிறவரு மொதல்ல தன் வீட்ல அப்படி நடக்காரான்னு விசாரிச்சுத்தான் குடுப்பாகளாம். அது கெடச்ச பெறகுதான் தஹ்மீனா கல்யாணத்துக்கு நாள் குறிக்கணும்னு இருக்கோம்."

உம்மு சல்மா கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தாள். "அப்போ... வந்தவ மாப்பிள்ளை வீடு இல்லையா?"

"அவுக சுகிர்தா மேடம்ல, இவரு கம்பெனி. வெள்ளிக்கிழமை இவரு வெளிய போனப்புறம் வந்து, 'பொண்டாட்டி சொன்னா போதாது, அக்கம்பக்கத்துல நம்பகமா ஒரு ஆளைச் சொல்லுங்க'ன்னாக. நான் யோசிக்கவே இல்ல மாமி. இவரு துணி துவைக்கிறதைச் சாத்தூரு வரைக்கும் சொன்னவுக நீங்கதானேன்னு, நேரா உங்க வீட்டையே காட்டிவிட்டேன்."