இருபது டாலர் குறைவு

தேவாலயத்துக்கு எதிரே நின்ற ராய்ஸின் புது வண்டியைப் பார்த்ததும் டெல்பர்ட்டுக்கு வயிறு எரிந்தது. பின்பக்கம் தரை கழுவும் வெந்நீர் மெஷின், இரண்டு சோப்புத் தொட்டி, பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் ராய்ஸின் பெயர்.

"கான்கிரீட் தரையைக் கழுவறவனுக்கு இவ்வளவு பவுசா?" என்றான் மனைவி ட்ரூடியிடம்.

"நீயும் அதைத்தானே கழுவற," என்றாள் அவள்.

உண்மைதான். வேலை பார்த்த காகித ஆலையை மூடியதும் டெல்பர்ட் ஒரு பழைய மெஷினும் நீளக் குழாயும் வாங்கித் தன் பச்சை வண்டியில் ஏற்றி, அதே தொழிலில் இறங்கியிருந்தான். கோடை முடிவதற்குள் தொழில் நிலைக்காவிட்டால் ஒஹையோவுக்குப் போய், ட்ரூடியின் அண்ணன் கிடங்கில் பெட்டி தூக்க வேண்டும். மச்சான் முன்னால் கைகட்டி நிற்பதை நினைத்தாலே அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

முதல் வேலைக்கு அவன் கேட்டது எழுபது டாலர். ஜார்ஜியாவின் ஈரக் காற்றில் பாசி பிடித்துக் கறுத்த, ஒரு வீட்டு வாசல் கார் பாதை, ஆயிரம் சதுர அடி. காலையில் குனிந்தவன் சாயங்காலம்தான் நிமிர்ந்தான். அந்த வழியாகப் போன ராய்ஸ் வண்டியை நிறுத்தி, எவ்வளவு வாங்குகிறாய் என்று கேட்டான். தொகையைச் சொன்னதும் தலையைச் சொறிந்தான்.

"கூடக் கேளுப்பா. இது உனக்குக் கட்டாது."

எனக்குக் கட்டாவிட்டால் இவனுக்கு என்ன? நான் குறைத்துக் கேட்டால் தன் வியாபாரம் படுத்துவிடும் என்று பயம். டெல்பர்ட் அன்றைக்கே கறுவிக்கொண்டான்.

அதற்கு வழியும் கிடைத்தது. ராய்ஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. விலை பேசப் போகும் வீட்டில், கார் பாதையின் நடுவே ஒரு பாய் அளவுக்கு இலவசமாகக் கழுவிக் காட்டுவான். கறுத்த தரையில் அந்த ஒரு சதுரம் மட்டும் பளிச்சென்று தெரியும். அதைப் பார்த்தபிறகு மிச்சத்தை அப்படியே விட எந்த வீட்டுக்காரருக்கும் மனசு வராது.

டெல்பர்ட் தெருத்தெருவாகப் போய் அந்தச் சதுரங்களைத் தேடினான். கண்டதும் கதவைத் தட்டுவான். ராய்ஸ் எவ்வளவு கேட்டான் என்று விசாரித்து, இருபது டாலர் குறைத்துச் சொல்வான். வேலை கைக்கு வந்துவிடும். தரையை அளப்பதும், கறையைப் பார்த்து விலை போடுவதும் ராய்ஸின் தலைவலி.

இப்படி ஏழு வீடு. ஒருவரும் ராய்ஸ் சொன்ன விலையை மறைக்கவில்லை, ஒருவரும் பேரம் பேசவில்லை. வெகுளி ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டான். வீட்டில் ஒஹையோ பேச்சும் நின்றுபோயிற்று.

ட்ரூடிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. அடுத்தவன் தூண்டிலில் சிக்கிய மீனை எடுத்து வருகிறாய் என்றாள்.

"அவன்கிட்ட வெந்நீர் மெஷின் இருக்கு. எங்கிட்ட மூளை இருக்கு."

ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை. ஏழு வேலை பறிபோயும் ராய்ஸ் வாடவே இல்லை. எதிரே வந்தால் கையைத் தூக்கிச் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் டெல்பர்ட்டால் தாங்க முடியவில்லை. இருபது குறைத்தால் இவனுக்கு உறைக்காது, அடிமட்ட விலைக்கு இறங்கி ஊரிலேயே இவனை யாரும் கூப்பிடாதபடி செய்ய வேண்டும் என்று முடிவு கட்டினான்.

ஆகஸ்ட் கடைசியில் எட்டாவது சதுரம் கண்ணில் பட்டது. அந்த வீட்டில் இருந்தவர் வெர்னா, தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராய்ஸ் இருநூற்று எண்பது கேட்டதாகச் சொன்னார்.

"நான் நூத்தம்பதுக்கு முடிச்சுத் தரேன், மேடம்."

வெர்னாவின் முகம் மாறியது. "அது முடியாது. இருநூத்தி அறுபதுன்னா செய்."

"நான் குறைச்சுத்தானே கேக்கறேன்?"

"அதான் கூடாதுங்கறேன். ராய்ஸ் விலையைச் சொன்னதுமே நான் சரின்னுட்டேன், கண்ணு. அவர்தான் வேண்டாம்னுட்டார். 'பழைய பச்சை வண்டியில ஒருத்தர் வருவார். வழக்கம்போல இருபது டாலர் குறைச்சுச் சொல்லுவார். வேலையை அவருக்குக் குடுங்க, நான் சொன்னதா மட்டும் காட்டிக்காதீங்க'ன்னார். நீ பாட்டுக்கு நூத்தம்பதுன்னு வந்து நின்னா நான் என்ன பண்ணுவேன்?"

டெல்பர்ட் திரும்பி, பாதை நடுவே இருந்த சதுரத்தைப் பார்த்தான். முந்தைய ஏழு வீடுகளும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

"என் விலையில அவருக்கு என்ன வந்தது, மேடம்?"

"எனக்கென்ன தெரியும்? அதுக்கும் கீழ குறைச்சுக் கேட்டா மட்டும் விட்டுடாதீங்கன்னு ரெண்டு தடவை சொன்னார். 'அந்த ஆள் சோப்புக்கு விலை போடறார், பெட்ரோலுக்கு விலை போடறார். தன் முதுகுக்குப் போட மட்டும் தெரியலை'ன்னார்."